அறுபடாத அழைப்புகளின் நூறாம் நாள்

சிப்பிமுனை மீன்பிடித் துறைமுகத்தில் தொண்ணூற்றொன்பது நாட்களாக ஒரு போன்கூட நடுவில் அறுந்ததில்லை. நூறாவது நாளும் அறாது என்று நம்பி ஒரு வாரம் முன்பே பேனர் அச்சடித்துவிட்டார்கள். பேனரில் கடல் இருந்தது, கடலோரம் கதிர் வீசும் ஒரு கோபுரம் இருந்தது, கோபுரத்தைவிட அரையடி உயரமாகக் கடல்வழிக் குரலிணைப்பு இயக்ககத்தின் இயக்குநர் முனைவர் எழிற்கோ இருந்தார். படகும் மீனவரும் இல்லை. இடம் போதவில்லை.

எழிற்கோ எந்தப் பாடத்தில் முனைவர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கும் அளவுக்கு அவர் யாரையும் பேச விட்டதில்லை.

அவர் கொண்டுவந்த கருவிக்கு ‘நெய்தற்செவி’ என்று பெயர். பெயர் சூட்டும் குழு பதினொரு முறை கூடி, ஒவ்வொரு முறையும் வடை தின்று, கடைசியில் இதைக் கண்டுபிடித்தது. ஊரில் அதைப் பெட்டி என்றார்கள்.

பெட்டியை மாட்டியவள் டெல்பின். ஒப்பந்தக் கம்பெனியின் உள்ளூர் டெக்னீஷியன், வயது முப்பத்தாறு, இடுப்பில் எப்போதும் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் தொங்கும். அவள் செய்தது மந்திர வேலையில்லை. ஐஸ் பேக்டரி மொட்டைமாடியில் கடலைப் பார்த்து ஒரு ஆன்டெனா. தொலைவில் படகிலிருந்து வரும் நோஞ்சான் சிக்னலை அது பிடித்துக் கேபிள் வழியே கீழே அனுப்பும். கீழே அறைக்குள் இருக்கும் பெட்டி அதைக் கொழுக்க வைத்து, ஊரைப் பார்த்து நிற்கும் இன்னொரு ஆன்டெனா வழியே வெளியே விடும். ஊரிலிருந்து படகுக்குப் போகும் பேச்சுக்கும் இதே பாதைதான், தலைகீழாக. ஒவ்வொரு விசைப்படகிலும் இதேபோல ஒரு குட்டிப் பெட்டி. அறுபத்தோரு படகிலும் அவளே ஏறி மாட்டினாள். அதில் ஒன்று அவள் புருஷன் கஸ்பார் ஓட்டும் ‘ஜெபமணி’.

பெட்டி வந்ததும் பழைய வயர்லெஸ் செட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். அதற்கு ‘பின்தங்கிய தொழில்நுட்பத்துக்கு விடைகொடுக்கும் விழா’ என்று தனி விழா. செட்டைக் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர்.

படகோட்டிகளுக்குப் பெட்டியால் ஒரு புதிய தொல்லை வந்தது. முன்பு கடலில் எங்கே மீன் படுகிறது என்பதைச் சொல்லாமல் தப்பிக்கலாம். இப்போது ஒவ்வொரு படகிலும் போன் மணியடித்தது. பக்கத்துப் படகுக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தான். எனவே எல்லோரும் கூச்சமில்லாமல் பொய் சொன்னார்கள். கஸ்பார் தெற்கே பாறைத்திட்டுக்குப் பக்கத்தில் வலை விட்டிருந்தால் வடக்கே நிற்பதாகச் சொல்வான். கல்யாண நாளில்கூட அவன் நின்ற இடத்தைப் பெண்டாட்டிக்கு நேராகச் சொன்னதில்லை. அவளும் அதைக் குற்றமாக எடுத்ததில்லை; வடக்கு என்றால் தெற்கு என்று எழுதிக்கொள்வாள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டால் கடலில் பொய் கிடையாது. கரையிலிருந்து “கூண்டு ஏத்தியாச்சு” என்று தகவல் போனதும் எவனாக இருந்தாலும் நிற்கிற இடத்தை உள்ளபடி சொல்வான். எந்தக் குழுவும் கூடி எழுதிய விதியில்லை இது. அதனால்தான் ஒருவரும் மீறியதில்லை.

நூறாம் நாள் விழா ஏலக்கூடத்தில் நடந்தது. மீன் நாற்றம் போக மூன்று மூட்டை பிளீச்சிங் பவுடரும், பிளீச்சிங் நாற்றம் போக மல்லிகை ஸ்பிரேயும் அடித்திருந்தார்கள். மேடையில் பெரிய திரை. திரையில் கடல் வரைபடம்; அன்று கடலில் இருந்த பதினான்கு படகுகளும் பதினான்கு பச்சைப் புள்ளிகள். காலையில் வடக்கே போவதாக இருந்த காற்றழுத்தத் தாழ்வு நண்பகலில் மனம் மாறித் திரும்பியதால் மற்ற படகுகள் கரைக்கு வந்துவிட்டன. இந்தப் பதினான்கும் ஆழத்துக்குப் போனவை.

“குரல் என்பது வெறும் ஒலியன்று,” என்று எழிற்கோ ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். “அது ஓர் அரசின் அரவணைப்பு.”

துறைமுக அலுவலக ஊழியர் ஒருவர் குனிந்தபடி மேடையேறி அவர் காதில் ஏதோ சொன்னார். எழிற்கோ மைக்கைக் கையால் மூடினார். சரியாக மூடவில்லை; கூடம் முழுக்கக் கேட்டது.

“மூன்றாம் எண் கூண்டா? நான்கு மணிக்குச் செயலர் காணொலியில் வருகிறார் ஐயா. பின்னால் கூண்டு தொங்கினால் படம் என்னத்துக்கு ஆகும்?”

“ஏத்தணும்னு உத்தரவு சார்.”

“ஏற்றுங்கள். வேண்டாமென்றா சொன்னேன்? அந்தப் பின்பக்கக் கம்பத்தில் ஏற்றுங்கள்.”

இரண்டேகாலுக்குக் கூண்டு ஏறியது. தூறல் பிடித்தது. முன்வரிசைக்குப் பின்னால் ஓரமாக நின்ற டெல்பின் உடனே போனை எடுத்தாள். சிக்னல் கோடு ஐந்தும் முழுசாக இருந்தன. முதல் மணியிலேயே கஸ்பார் எடுத்தான்.

“கூண்டு ஏத்தியாச்சுங்க. மூணாம் நம்பர். எங்க நிக்கீங்க?”

“வடக்க, பதினாறு பாகம் ஆழத்துல நிக்கோம். மீன்பாடு பரவாயில்ல. நீ சாப்பிட்டியா?”

குரல் தெளிவாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல.

“கூண்டு ஏத்தியாச்சுங்கேன். உள்ளதச் சொல்லுங்க. எங்க நிக்கீங்க?”

“வடக்கதாம்ட்டி. வந்துட்டே இருக்கோம்.” சிரித்தான்.

காலை நான்கு மணிக்குப் புறப்படும்போது தெற்கே போவதாக அவன் அவளிடம் வாய்விட்டே சொல்லியிருந்தான். வீட்டுக்குள் பொய் இல்லை. இப்போது கூண்டு ஏறியபின் வடக்கு என்கிறான். டெல்பின் கொஞ்சம் நகர்ந்து, தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

“இங்கேருங்க. நம்ம வீடு தீப்பிடிச்சு எரியுது.”

“சரி சரி,” என்றான் கஸ்பார். “நீ சாப்பிட்டியா?”

மேடைக்குப் பின்னால் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தான் ஹரிநாத். கம்பெனியின் எஞ்சினியர், சென்னையிலிருந்து ஒரு வாரத்துக்கு முன்பு வந்தவன். டெல்பின் நேராக அவனிடம் போனாள்.

“சார், எம் புருஷன் குரல்ல யாரு பேசுதா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்படிப் பார்த்ததிலேயே பாதி பதில் இருந்தது.

“அது... ஃபில்லிங் மேடம். உங்களுக்குத் தெரியுமே.”

“தெரியும். பேச்சுல ஓரெழுத்து ரெண்டெழுத்து விட்டுப்போனா, முன்னாடி அவிய பேசினத வச்சு பெட்டி நிரப்பிக்கிடும். ‘வந்துட்..ருக்கோம்’னு வந்தா ‘வந்துட்டிருக்கோம்’னு ஆக்கும். அதுதான சொன்னீங்க?”

“அதேதான். பத்துக்கு ரெண்டு வரைக்கும் நிரப்பும். அதுக்கு மேல போனா கால் கட் ஆகிடும். அப்படித்தான் வச்சிருந்தோம்.”

“வச்சிருந்தோம்னா?”

ஹரிநாத் மேடைப் பக்கம் கண்ணைக் காட்டினான். “தொண்ணூத்தி நாலாவது நாள் மழை பெஞ்சுது. ஒரு கால் கட் ஆகப் போச்சு. ‘விழா இருக்கு, பார்த்துக்கங்க’ன்னு சொன்னாங்க. வரம்பை எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டேன்னா எவ்வளவு?”

“வரம்பே இல்ல மேடம். இப்ப கடல்ல செம மேகம். பத்துக்கு அரை எழுத்துதான் வருது. மத்ததெல்லாம் பெட்டி.”

“எங்க நிக்கீங்கன்னு நான் கேட்டேன்.”

“மூணு மாசமா அவரு என்ன சொன்னாரோ அதைத்தான் சொல்லும்.”

“மூணு மாசமா கூண்டே ஏறல,” என்றாள் டெல்பின்.

ஹரிநாத்துக்கு அது புரியவில்லை. புரியவைக்க அவளுக்கு நேரமில்லை. திரையைக் காட்டினாள். “அந்தப் புள்ளி?”

“அதுவும்தான். தகவல் வராதப்ப வழக்கமா எந்த நேரத்துக்கு எந்தப் பாதையில வருவாங்களோ, அப்படி நகர்த்திக்கிட்டே இருக்கும். தொடர்பு சுத்தமா அறுந்தாத்தான் சிவப்பாகும்.”

“அறுந்திரக்கூடாதுன்னுதான் வரம்பை எடுத்துட்டீங்களே.”

அவன் லேப்டாப்பை மெதுவாக மூடினான்.

டெல்பின் மீட்புக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். சிப்பிமுனையிலிருந்து நாற்பது மைலில் இருக்கும் அந்த அறைக்கும் அதே திரைதான், கம்பி வழியே போகும். எடுத்தவர் மிகப் பணிவாகப் பேசினார்.

“பதினாலு படகும் பச்சையா இருக்கும்மா. கரைக்கு வந்துட்டு இருக்காங்க.”

“அது பொய் சார். பெட்டியா ஓட்டுது. மீட்புக் கப்பலை அனுப்புங்க.”

“தொடர்பு இல்லைன்னா சிவப்பு வரும்மா. சிவப்பு வந்தா ஒரு நிமிஷத்துல கப்பலுக்கு உத்தரவு போயிடும், நாங்களே நிறுத்த முடியாது. நீங்க உங்க வீட்டுக்காரரோட பேசினீங்களா?”

“பேசினேன்.”

“என்ன சொன்னாரு?”

“வந்துட்டே இருக்கோம்னு...”

“பாருங்க,” என்றார் அவர். “தைரியமா இருங்கம்மா.”

மேடையில் எழிற்கோவின் உரை மூன்றாவது உவமையில் இருந்தது. டெல்பின் படியேறி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவளைப் பரிசு வாங்க வந்தவள் என்று நினைத்து அவர் கைகுலுக்கினார், போட்டோகிராபர் படமெடுத்தார்.

“சார், பெட்டியை அணைக்கணும். பெட்டி அறைக் கதவு உங்க கைரேகைக்குத்தான் திறக்கும்.”

“அம்மா, மணி மூன்று. நான்கு மணிக்குச் செயலர்.”

“கடல்ல இருக்க ஆளுவ எங்க இருக்காவன்னே தெரியல சார்.”

எழிற்கோ திரையைப் பார்த்தார். பதினான்கு பச்சை. அந்தப் பச்சையை அவர் உள்ளபடியே நம்பினார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே நேர்மை. “அணைத்தால் பதினான்கு அழைப்பு அறுபடும். நூறு நாள் சாதனை. நீங்களும் இதில் ஓர் அங்கமல்லவா? ஐந்து மணிக்குப் பேசலாம்.”

அப்போதுதான் கூடத்தில் கைதட்டல் கேட்டது. திரையில் ஒரு பச்சைப் புள்ளி துறைமுக வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது. ‘கடல்ராணி’. கூட்டத்தில் இருந்த பெண்கள் எழுந்து படகுத்துறைக்கு ஓடினார்கள். முதலில் ஓடியவள் பிரகாசி. கடல்ராணியின் சொந்தக்காரரும் ஓட்டியும் அவள் புருஷன் லூர்தையாதான்.

டெல்பின் பின்னாலேயே ஓடினாள். மழை வலுத்திருந்தது. துறையில் கட்டிக் கிடந்த படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கடல்ராணி வழக்கமாகக் கட்டும் இடம் காலியாக இருந்தது. தண்ணீர் மட்டும் ஏறி இறங்கியது.

பிரகாசி போனைக் காதில் வைத்துக்கொண்டு விளிம்பில் நின்றாள்.

“எங்க நிக்கீங்க? உள்ள வந்துட்டீங்கன்னு காட்டுதே?”

போனில் ஒலிபெருக்கி போட்டிருந்தாள். லூர்தையாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது. “வந்துட்டோம்ட்டி. கரையிலதான் நிக்கோம். கூடையை எடுத்துட்டு வா.”

பிரகாசி இடமும் வலமும் பார்த்தாள். “எந்தப் பக்கம்?”

“இங்கதாம்ட்டி. நீ நிக்கது தெரியுதே.”

யாரோ ஒருத்தி “மாதாவே” என்றாள். பிரகாசி காலியான தண்ணீரைப் பார்த்து கையை ஆட்டினாள். ஆட்டிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

டெல்பின் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி எல்லாவற்றையும் சொன்னாள். மழை இரைச்சலில் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். எல்லோர் கையிலும் போன். எல்லாப் போனிலும் யாராவது ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“பெட்டியை நிறுத்தினாத்தான் சிவப்பு வரும். சிவப்பு வந்தாத்தான் கப்பல் போவும்.”

“நிறுத்துனா இந்தச் சத்தமும் நின்னுரும்லா?” என்றாள் பிரகாசி.

“நிக்கும்.”

“பத்துல அரை எழுத்து அவியளுது வருதுன்னியே.”

“யக்கா, அந்த அரை எழுத்து என்னன்னு யாருக்கும் தெரியாது.”

“அதுவும் நின்னுரும்லாடி!” பிரகாசி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து லூர்தையா கூடையைப் பற்றி மறுபடி சொன்னார். “நீ நிறுத்தின பொறவு அவிய குரல் ஒருக்காலும் வரலன்னா? ஒனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?”

மற்ற பெண்கள் டெல்பினைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஆதரவும் இல்லை, தடுப்பும் இல்லை. யாராவது ஒருத்தி முடிவெடுத்துத் தொலைத்தால் பிறகு திட்டிக்கொள்ளலாம் என்பதுபோல இருந்தது. டெல்பின் ஐஸ் பேக்டரிக்கு ஓடினாள்.

ஹரிநாத் வாசலில் நனைந்தபடி நின்றான். “மேடம், கதவை உடைக்க முடியாது. பேட்டரி திருட்டுக்குப் பயந்து இரும்புல போட்டது. உள்ள எட்டு மணிநேர பேக்கப் இருக்கு, கரன்ட்டைப் பிடுங்கியும் புண்ணியமில்ல.”

“கேபிளை வெட்டினா?”

“கடல்பக்கக் கேபிளையா? இன்னும் மோசம். அரை எழுத்தும் போயிடும், அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கும். ஊர்ப்பக்கம் வெட்டினா உங்க யாருக்கும் கேக்காது, ஆனா கட்டுப்பாட்டு அறைக்குப் பச்சையாத்தான் போகும்.”

டெல்பின் மாடிப்படியின் கீழ் ஒரு நொடி நின்றாள். “ஊளை விட்டா?”

ஹரிநாத்தின் வாய் திறந்தது.

இந்தப் பெட்டிபோல சிக்னலைப் பெருக்கும் எல்லா பூஸ்டருக்கும் ஒரு நோய் உண்டு. பிடிக்கிற ஆன்டெனாவும் விடுகிற ஆன்டெனாவும் ஒன்றையொன்று பார்த்துவிட்டால், தான் விட்டதையே தான் பிடித்து, பெருக்கி, மறுபடி விட்டு, மறுபடி பிடித்து, மைக்குக்கு முன்னால் ஸ்பீக்கரை வைத்ததுபோல் ஊளையிட ஆரம்பித்துவிடும். ஊளையிட்டால் சுற்றுவட்டார டவர்கள் எல்லாம் செத்துவிடும். அதனால் ஊளை கேட்டால் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அதை எஞ்சினியராலும் மாற்ற முடியாது, முனைவராலும் முடியாது. இந்த நோய் வராமலிருக்கத்தான் டெல்பின் இரண்டு ஆன்டெனாவையும் முதுகோடு முதுகாக, பதினெட்டு அடி தள்ளி, நடுவில் தண்ணீர்த் தொட்டி மறைக்கும்படி மாட்டியிருந்தாள். அந்தப் பதினெட்டு அடிக்காகக் கம்பெனியோடு இரண்டு நாள் சண்டை போட்டிருந்தாள்.

“அணையறதுக்கு முன்னாடி, ‘நிக்கப்போறேன்’னு எல்லாப் படகுப் பெட்டிக்கும் ஒரு குறி அனுப்பும்,” என்றான் ஹரிநாத். “அதுகளும் அணைஞ்சிடும். அப்புறம் நான் திரும்ப ஆன் பண்ண ஒரு மணிநேரம் ஆகும். யோசிச்சுக்கங்க.”

“நீங்க கீழ நில்லுங்க சார். ஒங்க வேலை போவக்கூடாது.”

“அது தொண்ணூத்தி நாலாவது நாளே போயிருக்கணும்,” என்றபடி அவனும் ஏறினான்.

மாடியில் காற்று ஆளைத் தள்ளியது. டெல்பின் தவழ்ந்துதான் போனாள். ஊர்ப்பக்க ஆன்டெனா சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வெள்ளைப் பலகை. இரண்டு கிளாம்ப், நான்கு நட்டு. முதல் நட்டு உடனே வந்தது. இரண்டாவது உப்புக் காற்றில் துருவேறிக் கிடந்தது. ஹரிநாத் தன் எடையை ஸ்பேனரின் மேல் போட்டான்; அது நழுவி அவன் விரலைக் கிழித்தது. மூன்றாவது முறை நட்டு அசைந்தது. மழைத்தண்ணீர் கேபிள் வழியே இறங்காமலிருக்க அவள் எப்போதும் இரண்டு சுற்று கேபிளை வளையமாக விட்டுக் கட்டுவாள். வளையத்தை அவிழ்த்ததும் தொட்டியைச் சுற்றி வருமளவு நீளம் கிடைத்தது.

பலகையை மார்போடு பிடித்துக்கொண்டு தொட்டிக்கு அந்தப் பக்கம் நகர்ந்தாள். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை, ஆனால் இரண்டு கையும் கிடைக்காத தடுமாற்றத்தில் பலகை அழுந்தி, ஒலிபெருக்கியோடு அதுவே எடுத்துக்கொண்டது.

“ஏட்டி,” என்றது கஸ்பாரின் குரல், புயலின் நடுவே ஒரு சொட்டு நனையாமல். “என்ன செய்யுத?”

அவள் நின்றாள். இந்த ஒரு வாக்கியத்தில் அவனுடைய எழுத்து ஏதாவது இருக்குமா? ‘ஏ’யா? ‘ட்டி’யா? ஒன்றுமே இல்லையா? பதினான்கு வருடம் கேட்ட குரல். ஹரிநாத் அவளைப் பார்த்தான்.

“வேலை செய்யுதேன்,” என்று போனிடம் சொல்லிவிட்டு, பலகையைத் தூக்கிக் கடல்பக்க ஆன்டெனாவின் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தாள்.

ஊளை காதுக்குக் கேட்கவில்லை. போனில் கஸ்பாரின் குரல் இழுபட்டது. மெலிந்து, கீச்சென்று ஆகி, ஒரு குழந்தையின் குரல்போலச் சுருங்கி, நின்றது. ஐந்து கோடும் போயின. கீழே படகுத்துறையிலிருந்து பெண்களின் சத்தம் ஒரே நேரத்தில் எழுந்தது. பிரகாசியின் குரல் அதில் தனியாகக் கேட்டது. அவள் புருஷனைக் கூப்பிடவில்லை. டெல்பினைக் கூப்பிட்டாள், கூப்பிட்டதை இங்கே எழுதமுடியாது.

ஏலக்கூடத்துத் திரையில் பதினான்கு புள்ளிகளும் சிவந்தன. நாற்பது மைலுக்கு அப்பால் பணிவான மனிதரின் மேஜையில் மணியடித்தது. மூன்று மணி நாற்பத்தொரு நிமிடத்துக்குக் கப்பலுக்கு உத்தரவு போயிற்று. யாராலும் நிறுத்த முடியவில்லை.

நான்கு மணிக்குச் செயலர் காணொலியில் வரவில்லை. காணொலியும் அதே பெட்டி வழியாகத்தான் வரவேண்டியிருந்தது.

எழிற்கோ உடனே செய்திக்குறிப்பு ஒன்றை எழுதச் சொன்னார். ‘அறுபட்டது’ என்ற சொல் எங்கும் வரக்கூடாது என்றார். ‘திட்டமிட்ட மௌன ஒத்திகை’ என்பது அவருக்குப் பிடித்திருந்தது. டெல்பினை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கும் கடிதமும் அதே தட்டச்சில் தயாரானது. அதன் மை மட்டும் மழையில் கரைந்துவிட்டது.

ஐந்தரை மணிக்குக் கப்பலிலிருந்து முதல் தகவல் துறைமுக அலுவலகத்து வயர்லெஸ்ஸில் வந்தது. அலுவலகத்துச் செட்டை மட்டும் யாரோ மறந்துபோய் டம்ளருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். கரகரவென்று, பாதி வார்த்தை விழுங்கிய தகவல். ஊழியர் வெளியே வந்து படித்தார். “தென்கிழக்கே பன்னிரண்டு மைலில் ஒரு படகு கவிழ்ந்து கிடக்கு. கடல்ராணி. ஐஸ் பெட்டி மூடியைப் பிடிச்சுக்கிட்டு மிதந்த நாலு பேரை ஏத்திட்டாங்க. ஐந்தாவது ஆளைத் தேடறாங்க. மத்த படகுகள் வரிசையா கரையைப் பாத்து வருது.”

“அஞ்சாவது ஆளு யாரு?” என்று ஒருத்தி கேட்டாள்.

ஊழியர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. “ஓட்டி,” என்றார்.

பிரகாசி அழவில்லை. ஐஸ் பேக்டரிச் சுவரோரம் டெல்பினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டவும் இல்லை. இருவரும் துறைமுக வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறேகாலுக்கு, வெளிச்சம் முழுதும் போவதற்குள், ஜெபமணி உள்ளே வந்தது. படகின் முன்பக்க அணியத்துப் பலகை உடைந்திருந்தது. வலையை வெட்டிவிட்டு வந்திருந்தார்கள். கஸ்பார் கயிற்றை எறிந்துவிட்டுத் துள்ளி இறங்கினான். டெல்பின் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் மூச்சு வாங்க அவளைப் பார்த்தான்; சந்தோஷத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

“என்னட்டி நீ? மூணேமுக்காலுக்குப் போன்ல கோடெல்லாம் போச்சு. அதப் பாத்துத்தான் பயந்து வலையை அறுத்துட்டு திருப்பினேன். இன்னும் அரைமணி அங்கன நின்னிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“முன்னமே மேகத்தைப் பாக்கலியா நீங்க?”

“பாக்காம என்ன? ரெண்டு மணிக்கே இருட்டிட்டு வந்துச்சு. ஒங்கிட்டதான மூணு மட்டம் கேட்டேன், கரையில எப்படி இருக்குன்னு.” அவன் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டான். “நீதான சொன்னே, இங்க வெயில் சுள்ளுன்னு அடிக்கி, மிளகா காயப்போட்டிருக்கேன், அவசரப்படாம மீன்பாட்டைப் பாத்துட்டு வாங்கன்னு.”

இரண்டேகாலுக்கு டெல்பின் போனில் திரும்பத் திரும்பச் சொன்னது கூண்டு, கூண்டு. அவள் தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான் சொல்லல,” என்றாள்.

“நீதாம்ட்டி சொன்னே. சிரிச்சுக்கிட்டே சொன்னே.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த பிரகாசி எழுந்து வந்தாள். கஸ்பாரின் முகத்துக்கு மிக அருகில் வந்து நின்றாள்.

“அப்போ தம்பி,” என்றாள், “அவியகிட்ட நான் என்னத்தச் சொன்னேன்?”